ஏன் இந்தப் படிப்பு?

மனநல ஆலோசனையில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கும் வேலை தொண்ணூறுகளில் வங்கிக் கவுன்ட்டரில் தொடங்கும். பட்டப்படிப்பு முடிவுகள் வெளியாகும் கோடையில் தினசரிகளில் கல்லூரி விளம்பரங்கள் வரும். படிவமும் விவரக் கையேடும் தபாலில் வேண்டுவோர், முதல்வர் பெயரில் சென்னையில் மாற்றத்தக்க டிமாண்ட் டிராப்டும், தபால்தலை ஒட்டிச் சுயவிலாசமிட்ட பெரிய உறையும் அனுப்ப வேண்டும் என்று கடைசி வரியில் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். சலான் நிரப்பி, பணத்தோடு கமிஷனும் கட்டி, டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தால், அதிகாரிகளின் கையெழுத்தாகி டி.டி. கைக்கு வர மத்தியானம் ஆகிவிடும்.

அந்தக் காலத்து விண்ணப்பக் கோப்பு ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டை வெள்ளையடிக்க ஒதுங்கவைத்தபோது, பீரோவின் மேல்தட்டில், எல்.ஐ.சி. ரசீதுகளுக்கு அடியில் அண்மையில் கிடைத்தது. கோப்புக்கு உரியவர் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை தரும் பெண்மணி; வயது ஐம்பதை நெருங்குகிறது. டி.டி.யின் அடிக்கட்டை, பச்சை மைக் கையெழுத்துள்ள ஜெராக்ஸ் பிரதிகள், தட்டச்சு செய்த இரண்டு பக்கங்கள், ஹால் டிக்கெட், நேர்முகத் தேர்வுக்கு வரச்சொன்ன கார்டு என விண்ணப்பத்தின் எல்லாக் கட்டங்களும் அதில் வரிசையாக இருக்கின்றன. இன்று விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு இப்படியொரு கோப்பு மிஞ்சப்போவதில்லை. எல்லாம் செல்போன் திரையிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் காகிதங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் கேள்வி இன்றும் அதேதான். ஏன் இந்தப் படிப்பு? வீட்டில் ஒரு தடவை, படிவத்தில் ஒரு தடவை, நேர்முகத்தில் ஒரு தடவை அது கேட்கப்படும். ஒவ்வோர் இடத்திலும் அதற்கு வேறு பதில் வேண்டியிருக்கிறது.

வீட்டில் அது கேள்வியாகவே வராது. "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குற படிப்பா? ஊர்ல வேற படிப்பே இல்லையா?" என்று அந்த வீட்டு அப்பத்தா சத்தம் போட்டார். உளவியல் அப்போது புதிய படிப்பு அல்ல. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916-லும் மைசூர் 1924-லும் உளவியல் துறையைத் தொடங்கிவிட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.டி. போவாஸ் தலைமையில் 1943-ல் துறை அமைந்தது. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும், தெற்கே சிற்றூர்களில் மனம் சம்பந்தமாகத் தெரிந்த ஒரே பெயர் கீழ்ப்பாக்கம்தான். 1794-ல் வாலன்டைன் கொனோலி என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய மனநோயாளர் இல்லத்தின் வழிவந்தது கீழ்ப்பாக்கத்து அரசு மனநலக் காப்பகம். இரண்டு நூற்றாண்டுகளாக ஏழை எளியவர்களுக்குச் சிகிச்சை தந்துவரும் இடத்தின் பெயரைச் சினிமாவும் தெருப்பேச்சும் வசவாக்கிவிட்டன. இது பெரிய அநியாயம். அந்த வசவு நோயாளியைத் தாக்குவதோடு நிற்பதில்லை. அவருக்காகப் படிக்கப்போகிறவரையும் வீட்டு வாசலிலேயே மறிக்கிறது.

அப்பத்தாவின் கோபத்துக்கு அடியில் வேறொரு பயமும் இருந்தது. அந்த வீட்டுச் சித்தி முதல் பிரசவத்துக்குப் பிறகு பேச்சுக் குறைந்து, தூக்கம் கெட்டு, பிள்ளையைக் கையில் வாங்கவே மறுத்த நாட்கள் உண்டு. திருச்சிக்கு அருகில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்து அழைத்துவந்தார்கள். மன நோய் கண்டவர்களை அங்கே 48 நாள் தங்கவைத்து, உச்சிக்கால பூஜையிலும் இரவுப் பூஜையிலும் தீர்த்தம் தெளிப்பது நெடுநாள் வழக்கம். கூடவே மதுரை டாக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் நடந்தது. அதற்கு வீட்டில் வைத்த பெயர் சத்து மாத்திரை. கல்யாணத்துக்குப் பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேறு பெயர் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. சித்தி தேறினார். தேறியபின் அந்த ஆண்டுகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது இந்தப் பெண் இந்தப் படிப்புக்குப் போனால், ஊர் முடிச்சுப் போட்டுவிடாதா? கடைசியில் அப்பாதான் ஒரு வழி சொன்னார்: "யாராச்சும் கேட்டா சோசியல் வொர்க்குன்னு சொல்லிக்கிடுவோம்."

அந்தச் சமாளிப்பில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மனநலப் பணிக்குப் போக அப்போது இருந்த வழிகளில் சமூகப்பணிப் படிப்பும் ஒன்று. 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் வொர்க் போன்ற நிறுவனங்களில் மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படித்தவர்கள் மருத்துவமனைகளில் வேலைக்குப் போனார்கள். இன்னொரு வழி உளவியல் முதுகலை. அதையும் முடித்துவிட்டு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடங்களில் இரண்டாண்டு எம்.ஃபில். படித்தால் மருத்துவ உளவியலாளர் ஆகலாம். மூன்றாவது, கவுன்சலிங்கை மட்டுமே தலைப்பாகக் கொண்ட முதுகலைகளும் டிப்ளமோக்களும். விவரக் கையேட்டைப் புரட்டினால் மூன்றும் ஒரே மாதிரித் தெரியும். எதைப் படித்தால் எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும் என்று அந்தக் கையேடுகள் சொல்லவில்லை. இந்தத் துறையில் விண்ணப்பதாரர்களுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் இதுவே.

இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் 1992-ல் வந்தது. மருத்துவ உளவியலாளர் என்ற பெயரோடு தொழில் செய்ய அந்தக் குழுமத்தில் பதிய வேண்டும். அதற்கு அது ஏற்ற படிப்பு வேண்டும். வெறும் முதுகலை போதாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப்பணியாளர் ஆகியோரை இன்னார் என்று வரையறுக்கிறது. கவுன்சலருக்கு அதில் தனி வரையறை இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் நடத்தைசார் சுகாதாரப் பிரிவில் ஆலோசகர்களையும் சேர்த்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அவகாசம் கிடைத்தது. இப்படி விதிகள் மாறிக்கொண்டிருக்கும் துறையில், கல்லூரியின் கட்டடத்தையும் விடுதியையும் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பட்டத்தை எந்தக் குழுமம் ஏற்கிறது? அஞ்சல்வழி முதுகலைக்கும் அது பொருந்தும். வேலைக்குப் போய்க்கொண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வழியாகவும் இக்னோ வழியாகவும் உளவியல் படித்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களில் நல்ல ஆலோசகர்கள் பலர் உண்டு. ஆனால் மேற்படிப்புக்குப் போக நினைத்தபோது, நேரடி வகுப்பில் படித்த பட்டம் இருக்கிறதா என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் வசதியானவர்கள். அங்கே ஆலோசகருக்கு மாநில அரசு உரிமம் தருகிறது. 1976-ல் வர்ஜீனியா தொடங்கியது. 2009-ல் கலிபோர்னியாவும் சட்டம் இயற்றியபின் 50 மாநிலங்களிலும் உரிமம் வந்துவிட்டது. காக்ரெப் என்ற அங்கீகார அமைப்பு ஏற்கும் மனநல ஆலோசனை முதுகலையில் 60 செமஸ்டர் கிரெடிட், 100 மணி நேரத் தொடக்கப் பயிற்சி, 600 மணி நேரக் களப்பயிற்சி என்று அளவு உண்டு. எந்தப் பட்டம் எந்த உரிமத்துக்கு வழிவிடும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். நம்முடைய மூன்றாண்டு இளங்கலையை ஏற்பார்களா என்பதை மட்டும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அந்தக் காலத்தில் படிவம் வந்த பிறகு அடுத்த வேலை சான்றொப்பம். மதிப்பெண் பட்டியல்கள், புரோவிஷனல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, கெஜட்டட் ஆபீசர் ஒருவரிடம் உண்மை நகல் என்று கையெழுத்து வாங்க வேண்டும். சிறு ஊர்களில் அது பெரும்பாலும் மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் அல்லது அரசு ஆஸ்பத்திரி டாக்டர். காலை ஏழு மணிக்கே அவர்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் கோப்போடு காத்திருப்பார்கள். பச்சை மை பேனாவும் ரப்பர் ஸ்டாம்பும் வெளியே வரும்வரை யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். 2014 வாக்கில் மத்திய அரசு சுயசான்றொப்பமே போதும் என்று வலியுறுத்திய பிறகு அந்தக் கூட்டம் மெல்லக் கலைந்தது. அலைச்சல் ஒழிந்தது நல்லதே. அந்தத் திண்ணைகளில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்பார். தன் பதிலை வெளி மனிதர் ஒருவரிடம் முதல் தடவையாகச் சொல்லிப்பார்க்கும் இடமாகப் பலருக்கு அது அமைந்தது.

பரிந்துரைக் கடிதம் அதைவிடக் கடினம். படித்த கல்லூரியின் பேராசிரியர் இருவர் எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்திட்டுத் தர வேண்டும். "நீயே எழுதிட்டு வாம்மா, நான் சைன் பண்ணித் தர்றேன்" என்பது அன்று பரவலாக இருந்த வழக்கம். இன்று கடிதம் எழுதுபவருக்கே மின்னஞ்சலில் இணைப்புப் போனாலும் அந்த வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் படித்தது மனையியல். அதில் மனித வளர்ச்சி என்று ஒரு தாள் உண்டு. குழந்தைகள் எந்த வயதில் எதைக் கற்கின்றன, தாய் பிரிந்தால் என்ன ஆகிறது என்பதெல்லாம் அதில் வரும். அதை நடத்திய பேராசிரியை, எழுதி வரச் சொல்லாமல், எதிரே உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். பால்வாடிக்குப் போய் ஒரு குழந்தையைக் கவனித்து எழுதும் பயிற்சியில், மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த குழந்தையை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார். அந்தப் பதிலையே கடிதத்தில் எழுதினார். பரிந்துரைக் கடிதம் என்பது இப்படித்தான் இருக்க வேண்டும். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்ற வாக்கியங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். அதனாலேயே தேர்வுக்குழுவுக்கு அவை எதையும் சொல்வதில்லை.

அடுத்து, அந்த இரண்டு பக்கம். இன்று எல்லோரும் எஸ்.ஓ.பி. என்கிறார்கள். அன்றைய படிவத்தில், இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக என்ற ஒரு வரிதான். எழுத வேண்டியது ஆங்கிலத்தில். அத்தனை காலம் தமிழிலேயே பார்த்த துயரத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுதும்போது அது யாருடையதோ ஆகிவிடுகிறது. முதல் பிரதியில் துன்புறும் மனிதகுலத்துக்குச் சேவை என்ற பாணியில் பெரிய சொற்களாக வந்து விழுந்தன. அது அந்தப் பெண்ணுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி என்ற இருவர், உளவியல் முதுநிலைச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், விண்ணப்பத்தைக் கவிழ்த்துவிடுகிற தவறுகள் எவை என்று கேட்டு 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் உதவ வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும், தன் மனநோய் வரலாற்றை அளவின்றிக் கொட்டுவதும் அவற்றில் சேர்ந்திருந்தன.

இரண்டாவது விஷயம் இந்தத் துறைக்கே உரிய சிக்கல். ஒருவர் மன வேதனையைக் கேட்கும் தொழிலுக்கு வருவதற்குப் பெரும்பாலும் ஒரு வேதனையே காரணமாக இருக்கிறது. அதை மறைத்தால் எழுத்தில் உயிர் இருக்காது. முழுவதும் திறந்துகாட்டினால், இவருக்கே இன்னும் ஆறவில்லையோ என்று குழு தயங்கும். அந்தத் தயக்கம் நோய் கண்டவர்களை வெளியே நிறுத்தும் வேலியாக மாறிவிடக் கூடாது. நோயிலிருந்து மீண்டு நல்ல ஆலோசகரானவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெரிந்தது புத்தகத்தில் கிடைக்காது. ஆனாலும் எழுதுகிறவர் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதப்போகும் கதை தன்னுடையதா, இன்னொருவருடையதா? இன்னொருவருடையது என்றால் அவரைக் கேட்டாயிற்றா?

அந்தப் பெண் கேட்டார். சித்தி பின்கட்டில் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கொத்து உருவிய பிறகுதான் பேச்சை எடுக்க முடிந்தது. சித்தியின் கை நிற்கவில்லை. "ஒங்கப்பத்தாகிட்ட சொன்னியா?" என்றார். இல்லை என்றதும் கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எம் பேரு போடாத. ஊரு போடாத. மத்ததை எழுதிக்க. சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்தாங்கல்ல, அதையும் எழுது. எனக்கு அதுதாம்டி ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருக்கு" என்றார். நோயைவிட நோயை மறைத்த பெயர் அவரை அதிகம் வருத்தியிருக்கிறது என்பது அந்த வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது. ஆலோசகருக்குக் கற்றுத்தரப்படும் ஒப்புதல், இரகசியம் காத்தல் என்ற இரண்டு விதிகளும் அந்தப் பின்கட்டுப் பேச்சில் இருந்தன. எந்த வகுப்பும் தொடங்குவதற்கு முன்பே.

புதிய பிரதி பஜாரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்றில் தட்டச்சானது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கார்பன் நகல் இலவசம். தட்டச்சு முடிந்ததும் கையெழுத்துப் பிரதியையும் நகலையும் எடுத்துக்கொண்ட அந்தப் பெண், கார்பன் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். புதுக் கார்பனில் அடித்த எழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வரிவரியாகத் தெரியும். இன்ஸ்டிடியூட்காரர் புரியாமல் பார்த்தார். இன்னும் நாலு தடவை ஓடும் தாள் அது. அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தாயிற்று. இன்று எஸ்.ஓ.பி.யைத் தோழிகள் குழுவில் போட்டுத் திருத்தம் கேட்கிறார்கள், மாதிரிகள் கைமாறுகின்றன, இயந்திரத்திடம் கொடுத்தும் எழுதி வாங்குகிறார்கள். மொழி சுத்தமாகிவிடுகிறது. குடும்பத்தில் ஒருவரின் மிக அந்தரங்கமான ஆண்டுகள் எத்தனை கண்களுக்குப் போகின்றன என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆலோசகராக விரும்புகிறவர் கவலைப்பட வேண்டிய முதல் விஷயங்களில் இது ஒன்று.

நுழைவுத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலம், பொது அறிவு, உளவியலின் அடிப்படைகள். மார்கன், கிங் எழுதிய அறிமுக நூலை நூலகத்தில் இரவல் வாங்கிக் குறிப்பெடுத்துப் படிப்பார்கள். ரோர்ஷாக் மைக்கறைச் சோதனை 1921-ல் வந்தது, அட்டைகள் 10 என்பது போன்ற விவரங்கள் மனப்பாடமாகும். ஆலோசகருக்கு வேண்டிய மூன்று குணங்களாகக் கார்ல் ராஜர்ஸ் சொன்ன ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல் ஆகியவையும் அப்படித்தான் மனப்பாடமாயின. இன்று மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் பொதுத்தேர்வு நடக்கிறது. கணினியில், முழுக்கக் கொள்குறி வினா. மனப்பாடத்தின் பங்கு குறையவில்லை.

குழு விவாதம் வேறு ரகம். அந்தப் பெண் விண்ணப்பித்த ஆண்டு கொடுத்த தலைப்பு, தற்கொலை முயற்சி குற்றமா என்பது. அப்போது அது சூடான விஷயம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொன்னது. 1996-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்று மாற்றிச் சொன்னது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார்கள். சென்னைக் கல்லூரிகளில் படித்தவர்கள் சரளமாகப் பேசினார்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு வாய் திறக்கவே இடம் கிடைக்கவில்லை. விவாதம் முடிந்ததும், ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொன்னார்? அதிகம் பேசிய பலரால் சொல்ல முடியவில்லை. பேச வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், இடப்பக்கத்துப் பையன் சொன்னதோடு, அவன் சொல்ல வந்து பாதியில் நிறுத்தியதையும் சொன்னார். ஆலோசனைப் படிப்புக்கு ஆளெடுக்க இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது. அந்தத் தலைப்புக்கான விடையைச் சட்டம் பின்னால் தந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தருவதை அரசின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர்: துறைத் தலைவர், வெளியிலிருந்து வந்த மனநல மருத்துவர், அதே துறையில் படித்து மருத்துவமனையில் வேலைபார்த்த ஒரு பெண். முதலில் வந்தது அந்த நாளில் பெண்களை மட்டும் கேட்ட கேள்வி. கல்யாணம் நிச்சயமானால் பாதியில் விட்டுவிடுவாயா? ஒரு இடம் வீணாகிவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பையன்களிடம் வெளிநாட்டு வேலை கிடைத்தால் போய்விடுவாயா என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி இப்போது பெரும்பாலான இடங்களில் எடுபடாது. அப்படி ஒழிந்ததில் துறைக்கு வந்த பெண்களின் பங்கு பெரிது. தமிழ்நாட்டில் மனநலப் பணியின் பல தொடக்கங்கள் பெண்களுடையவை. சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை நடத்தி, 1984-ல் மனச்சிதைவு ஆய்வுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். லட்சுமி விஜயகுமார் 1986-ல் தற்கொலைத் தடுப்புக்கான சிநேகாவைத் தொடங்கினார். வீதியில் கைவிடப்பட்ட பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் பான்யனைத் தொடங்கியபோது இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்வி அதற்குப் பிறகு வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தடுமாறியதும் மருத்துவர், "தமிழ்லயே சொல்லும்மா. நாளைக்கு உன் முன்னாடி உக்கார்றவங்க இங்கிலீஷ்லயா அழப்போறாங்க?" என்றார். அதன்பின் பேச்சு வந்தது. பெயரும் ஊரும் இல்லாமல், மாத்திரையின் பொய்ப் பெயர் மட்டும் உள்ள கதை. மருத்துவர் இன்னொரு கேள்வி போட்டார். எதிரே உட்கார்ந்தவர் பத்து நிமிஷம் அழுகிறார், ஒரு வார்த்தையும் பேசவில்லை, என்ன செய்வாய்?

"தண்ணி வைப்பேன் சார்."

"அப்புறம்?"

"அவங்க அழுது முடிக்கிற வரைக்கும் அங்கயே இருப்பேன்."

மூவரும் எழுதிக்கொண்டார்கள். வேறு கேள்வி இல்லை.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்த பிறகு ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கான பதில்களின் போக்கே மாறியது. சொந்த வீட்டுக் கதைகளோடு, ஏர்வாடியைப் படித்தேன், பார்த்தேன் என்ற பதில்களும் வந்தன. கோவிட் ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் மாறிற்று. தனக்கே ஓர் ஆலோசகர் உதவினார் என்று கூச்சமின்றிச் சொல்லும் பிள்ளைகள் வருகிறார்கள். பெற்றோரும் சோசியல் வொர்க் என்று மறைப்பதில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தேவை குறையவில்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு அப்போது ஏதேனும் மனநலக் கோளாறு இருந்தது. கோளாறைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை.

முடிவு கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வெளியூர்க்காரர்களுக்குக் கார்டு வரும். தேர்வானவர் பட்டியல் ஒன்று, காத்திருப்போர் பட்டியல் ஒன்று. கோப்பில் இருக்கும் கார்டு காத்திருப்போர் பட்டியலைச் சேர்ந்தது. மற்றக் கல்லூரிகளின் பட்டியல்கள் வெளியான பிறகு முதல் பட்டியலில் சிலர் விலகுவார்கள். அந்த இடங்கள் வரிசைப்படி இறங்கிவரும். அதைத் தெரிந்துகொள்ள எஸ்.டி.டி. பூத்திலிருந்து கல்லூரி அலுவலகத்துக்குப் பேச வேண்டும். கட்டணம் பாதியாகும் இரவு நேரத்தில் அலுவலகம் இருக்காது என்பதால் பகல் கட்டணத்தில்தான். இடம் இருக்கிறது என்று சொன்னால் குறித்த நாளுக்குள் அசல் சான்றிதழ்களோடும் முதல் தவணையோடும் நேரில் வந்துவிட வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அப்பா கூட வந்து, பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, அசல் சான்றிதழ்களை ஒப்படைத்ததற்கான ரசீதை வாங்கிக்கொண்டார். முதல் வாரமே களப்பயிற்சிக்கு யார் எங்கே என்ற பட்டியலும் ஒட்டினார்கள்.

இன்று காத்திருப்போர் பட்டியல் இணையதளத்தில் வருகிறது, கட்டணம் செல்போனிலேயே போகிறது, அவகாசம் சில சமயம் ஒரே நாள். பட்டியலில் பெயர் வராதவர்கள் அடுத்த ஆண்டுக்குள் செய்ய முடிகிற உருப்படியான காரியம், ஏதாவது ஒரு மனநல அமைப்பிலோ சிறப்புப் பள்ளியிலோ உதவித் தொலைபேசி மையத்திலோ பயிற்சி பெற்றுத் தன்னார்வலராக வேலைபார்ப்பது. சேர்க்கைக் குழுக்கள் அதற்கு மதிப்பளிக்கின்றன. சேராமல் விலகுகிறவர்களுக்கும் அது பயன்படும். மாதக்கணக்கில் மற்றவர் துயரத்தைக் கேட்டுப்பார்த்த பிறகு, இது நமக்கான வேலை அல்ல என்று தெரிந்துகொண்டு வேறு படிப்புக்குப் போனவர்களும் இருக்கிறார்கள்.